சுரைக்கொடி படியேறிய வீடுகள்

ராத்திரி விளக்கணைத்த பிறகு தெருவில் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டபோது, யாரோ ஈரச் சேலையைச் சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இழுத்துப்போகிறவள் நடுநடுவே நின்று மூச்சுவாங்குவதுபோல் சத்தமும் நின்று நின்று வந்தது, நின்ற இடத்தில் மரக்கரண்டியால் படிக்கல்லைத் தட்டினதுபோல் ‘டொக்’ என்று ஒன்று கேட்டது, பிறகு மறுபடியும் சரசரவென்று ஈரச் சேலை. என் மகள் ஷெரின் என் இடுப்பில் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். என் புருஷன் கிளமெண்ட் கட்டிலில் குறட்டை விட்டார். எந்தச் சத்தம் கேட்டாலும் அவர் குறட்டை நின்றுவிட்டதா என்று முதலில் பார்ப்பது என் வழக்கம். நிற்கவில்லை. அதனால் அந்தச் சத்தத்துக்கு நான் பயப்படவில்லை. என் பயம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே செலவாகிக்கொண்டிருந்தது, வெளியில் இருக்கிறவற்றுக்குக் கொடுக்க மிச்சம் இல்லை.

விடிந்ததும் பார்த்தால் சுரைக்கொடி. சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் நாங்கள் போட்டிருந்த தோட்டத்து வேலியைத் தாண்டி, பொதுக்குழாயைச் சுற்றி, மாதா சிலை வைத்த கெபி முன்னால் மரியாதையாக ஒதுங்கி வளைந்து, தெருவின் நடுவே ஓடி, கோயிலில் ஜெபம் சொல்லிவைக்கிற உபதேசியார் அருளப்பன் வீட்டுப் படியேறி, அவர் கதவில் சாய்ந்துகொண்டிருந்தது. நுனியில் ஒரு சுரைக்காய், குளிப்பாட்டித் துவட்டிய பிள்ளைபோலப் படிக்கல்லில் கிடந்தது. ராத்திரி ‘டொக்’ என்றது அதுதான்.

குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள்.

“ஏளா இசக்கி, ஒரே ராத்திரியில கொடி இம்புட்டுத் தூரம் ஓடுமா?”

“ஓடியிருக்குல்லா.”

“ஓடுமான்னு கேக்கேன்.”

“ஓடி வந்து நிக்கிறதைப் பாத்துட்டே ஓடுமான்னு கேட்டா, நான் என்னத்தைச் சொல்ல? குடத்தை எடு, பின்னால ஆள் நிக்குது” என்றாள் உப்பளத்து வேலைக்குப் போகிற இசக்கியம்மாள்.

எங்கள் சங்குக்கரை அப்படித்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், நடுவில் கடல் வந்துபோன பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒரே அச்சு வீடுகள்: ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு வாசல். கடலே எழுந்து வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த ஜனங்கள், ஒரு சுரைக்கொடி எழுந்து நடந்ததற்காகத் தண்ணீர் பிடிக்கிற முறையை விட்டுக்கொடுப்பார்களா?

தோட்டம் வந்தது மரிய கொரற்றி அக்காவால். வலை பின்னுகிறவள் அவள். ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகளெல்லாம் கரையில் கிடக்க, பின்ன வலையும் இல்லாமல் கை நமநமக்க உட்கார்ந்திருந்தவள், தன் பக்கத்து வீட்டில் அடுப்புப் புகையே வராததைக் கவனித்துவிட்டாள். மறுநாள் எங்களை வீடு வீடாகக் கூப்பிட்டாள். உப்பு மண்ணில் எதுவும் முளைக்காது என்றதற்கு, தேரிக்காட்டுச் செம்மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டச் செய்தாள். கிழிந்த வலையை வேலியாகவும் பந்தலாகவும் கட்டினாள். உரத்துக்கு என்ன செய்வது என்றதற்கு, “ஒவ்வொரு வீட்லயும் மீன் கழுவுன தண்ணி இருக்குல்லா, அதைச் சாக்கடையில ஊத்தாதிய, செடிக்கு ஊத்துங்க” என்றாள். அப்படித்தான் காலையில் ஆளுக்கொரு வாளியோடு வருகிற வழக்கம் வந்தது. சாளை கழுவிய தண்ணீர், நெத்திலி கழுவிய தண்ணீர், நல்ல நாளில் சீலா கழுவிய தண்ணீர். எந்த வீட்டில் என்ன குழம்பு என்று எங்களுக்கு முன்னால் கத்தரிச்செடிக்குத் தெரிந்தது.

விளைவது அடுப்பு எரியாத வீடுகளுக்கு. அதற்கு ஒரு முறை இருந்தது. விடியுமுன் வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். கதவைத் தட்டக் கூடாது, பேர் சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. வைத்தவளும் எடுத்தவளும் அதைப் பற்றி எந்த நாளும் பேசக் கூடாது. வெண்டையும் அவரையும் அப்படித்தான் பேசாமல் போய்ச் சேர்ந்தன. எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. சத்தம் போடாமல் நடக்கவும், சுவர் ஓரமாகப் போகவும், கேட்டால் மட்டும் பதில் சொல்லவும் நான் படித்த மடத்துக் கன்னியாஸ்திரிகள் என்னை நன்றாகப் பழக்கியிருந்தார்கள். மாதா சபை வேலை என்று சொன்னதால் கிளமெண்டும் விட்டார். ஷெரினை இடுப்பிலும் வாளியைக் கையிலும் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்வருகிற அந்த நேரம் மட்டும்தான் நாளில் எனக்கென்று இருந்தது.

உபதேசியார் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் கதவைத் திறந்தார். அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் ஏமாந்திருந்தோம்; அவரும் அவர் மனைவியும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கடுங்காப்பி குடித்துவிட்டு ஜெபமாலை சொல்லிப் படுத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. கொடியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

“இது எனக்கில்லம்மா. தப்பா வந்திருக்கு.”

“கொடிக்கு அட்ரஸ் தெரியும் உபதேசியாரே. பறிச்சு உள்ள கொண்டுபோங்க, வெயில் ஏறுது” என்றாள் கொரற்றி அக்கா.

அவர் பறித்தார். காயைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனார். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது, அதைத் தெருவே சத்தம் போடாமல் நின்று மோந்தது.

பிறகு கொடி ராத்திரிதோறும் நடந்தது. சாயங்காலம் வெள்ளைப் பூ விரிந்ததும் புறப்படும், விடியும்போது யார் வீட்டு வாசலிலாவது இருக்கும். சங்குக்கரை அதற்கும் பழகிக்கொண்டது. மோட்டார் சைக்கிள்காரர்கள் கொடி கிடக்கிற இடத்தில் இறங்கி முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்டினார்கள். பெண்கள் இலையை விலக்கிக் கோலம் போட்டார்கள். கோலத்துக்குள் இலையையும் சேர்த்துக்கொண்டார்கள். நாய்கள் அதன் ஓரமாகவே படுத்தன. வேளாண்மை ஆபீசிலிருந்து ஒருவர் வந்து டேப்பால் அளந்து, அளந்து முடியாமல் களைத்து, நல்ல ரகம் என்று சொல்லிக் கொஞ்சம் விதை கேட்டார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார்; தீர்த்தம் விழுந்த கணுவிலெல்லாம் மறுநாள் பூ. அடுத்த ஞாயிறு அவர் பிரசங்கத்தில் கொடியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பூசை நேரத்தில் செல்போன் பார்ப்பது பாவம் என்று பேசினார்.

கொடி எப்படி வீட்டைக் கண்டுபிடிக்கிறது என்பதற்கு இசக்கியம்மாள் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். எந்த வீட்டு வாளி வரவில்லையோ அந்த வீட்டைத் தேடிப் போகிறது. மீன் வாங்காத வீட்டில் சோறும் இருக்காது என்று கொடி கணக்குப் பண்ணுகிறது. எல்லோரும் அதை நம்பினார்கள். நம்பியதால் ஏமாற்றவும் பார்த்தார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு மீன்தலையைக் கடன் வாங்கித் தண்ணீரில் அலசிக் கொண்டுவந்து ஊற்றினாள். கொடி அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனது. ஒருவன் படிக்குக் குறுக்கே செங்கல் அடுக்கினான்; கொடி செங்கல்மேல் காயை உட்கார வைத்துவிட்டு நின்றது. இத்தனையும் வெட்கத்தால்தான்; யாருக்கும் தெரியாமல் வாசலில் வைத்துவிட்டு வந்த எங்கள் முறையைக் கொடி முறித்துவிட்டது. இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. டீக்கடையில் காலையில் முதல் பேச்சு “இன்னிக்கு யார் வீடு?” என்பதுதான். பெண் பார்க்க வருகிற தரகர் பெண்ணைப் பார்க்குமுன் வாசற்படியைப் பார்த்தார். சிரிப்பதற்கு ஆள் இருந்தது, அழுவதற்கும் ஆள் இருந்தது. ஆனால் பசியோடு படுத்தவர்கள் என்று யாரும் இல்லாமல் போனார்கள்.

அப்படி இருக்கும்போது ஒரு ராத்திரி அந்த ஈரச் சேலை எங்கள் வீட்டுப் பக்கம் வந்தது. உபதேசியார் வீட்டைத் தாண்டியது. இசக்கியம்மாள் வீட்டைத் தாண்டியது. எங்கள் படியில் ‘டொக்’.

கிளமெண்ட் ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி. எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இருந்தது, அரிசி டின் நிறைய அரிசி இருந்தது, மீன் இல்லாத நாள் கிடையாது, என் வாளி ஒருநாளும் தவறியது கிடையாது. காலையில் அவர் கதவைத் திறந்தார். கொடியின் கழுத்தை மிதித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தபோது அவர் முகம் சாந்தமாக இருந்தது. அந்தச் சாந்தத்துக்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

“ஏட்டி பெனி, நான் சோறு போடலன்னு யார்ட்ட சொன்ன?”

“நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்லலங்க.”

“செடிட்ட சொன்னியோ?”

அரிவாளை எடுத்து வெட்டிப் போட்டார். அன்று ராத்திரி திரும்ப வந்தது. வெட்டினார். வந்தது. வெட்டின இடத்தில் இரண்டாகக் கிளைத்து வந்தது. டீக்கடைக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்குமா? “மேஸ்திரி வீட்ல ஐஸ்கட்டியத் திங்காங்களோ?” என்று ஒருவன் கேட்க, கடையே சிரித்ததாம். அதையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் வெளியிலிருந்து கொண்டுவருகிற எல்லாவற்றையும் கடைசியில் நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கொரற்றி அக்காவும் இசக்கியம்மாளும் விசாரிக்க வந்தார்கள். நேராக அடுப்படிக்குப் போய் அரிசி டின்னைத் திறந்தார்கள், பருப்பு டப்பாவைக் குலுக்கினார்கள், எண்ணெய்த் தூக்கைத் தூக்கிப் பார்த்தார்கள்.

“எல்லாம் இருக்கே?”

“இருக்குக்கா.”

“சாப்பிட விடுதானா?”

“விடுறாருக்கா.”

“பிறகு என்னத்துக்குக் கொடி வருது?”

நான் தரையைப் பார்த்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்குக்கரைப் பெண்களுக்குத் தேவை என்றால் ஒன்றுதான் தெரியும். கஷ்டம் வந்தால் அது வயிற்று வழியாகத்தான் வரும் என்று கடல் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அதனால் இந்தப் பிள்ளை கௌரவத்துக்காக மறைக்கிறாள் என்று முடிவுகட்டினார்கள். மறுநாளிலிருந்து என் வாசலில் கொடி மட்டும் இல்லை. கத்தரிக்காய், வெண்டைக்காய், ஒரு முருங்கைக் கட்டு, யாரோ ஆக்கி மூடிவைத்த சட்டிக் குழம்பு. அன்பு குவியக் குவிய, மேஸ்திரி பெண்டாட்டியைப் பட்டினி போடுகிறான் என்ற பேச்சும் குவிந்தது. காலையில் வாசலில் எவ்வளவு வந்ததோ ராத்திரி எனக்கு அவ்வளவு விழுந்தது. கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்தில், வலி வந்தால் மோட்சத்துக்குப் போகக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக ஒப்புக்கொடு என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஒப்புக்கொடுத்தேன். இந்தக் கல்யாணத்தில் என் புண்ணியத்தில் எத்தனை ஆன்மாக்கள் மோட்சத்துக்குப் போயிருக்குமோ, அங்கே இடம் நெருக்கடியாகக்கூட ஆகியிருக்கும்.

கொடி ஏன் வருகிறது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு ராத்திரி உதடு கிழிந்து, ஷெரின் விழித்துவிடக் கூடாதே என்று குழாயைத் திறக்காமல், அடுப்படி மூலையில் இருந்த மீன் வாளியிலேயே வாயைக் கொப்பளித்தேன். காலையில் அதே வாளியைக் கொண்டுபோய்ச் சுரைக்கு ஊற்றினேன். மீன் ரத்தமும் மனுஷ ரத்தமும் தண்ணீரில் ஒரே நிறம். கொரற்றி அக்கா பக்கத்தில் நின்றும் அவளுக்குத் தெரியவில்லை. வேருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பல காலை அப்படி ஊற்றியிருக்கிறேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று கிளமெண்டிடம் நான் சொன்னது முழு உண்மை இல்லை.

நேற்றைக்கு முந்தின நாள் அவர் ஊர்க் கமிட்டியைக் கூட்டச் சொன்னார். தோட்டத்தைப் பிடுங்க வேண்டும், அது ஆண்களை அவமானப்படுத்துகிறது என்பது பிராது. கூட்டம் நேற்றுச் சாயங்காலம் என்று ஆயிற்று. கிளம்பும்போது என்னையும் பிள்ளையையும் உள்ளே விட்டு வெளிக் கொண்டியைப் போட்டார். பூட்டு போடுவதில்லை, அவர் போட்ட கொண்டியைச் சங்குக்கரையில் யாரும் தொடமாட்டார்கள் என்று அவருக்கு நம்பிக்கை.

கொரற்றி அக்கா தொட்டாள். கையில் கத்தரிக்காய்ப் பையோடு வந்தவள், வெளியே கொண்டி போட்டிருக்க உள்ளே ஷெரின் பாட்டுப் பாடுகிற சத்தம் கேட்டு, நீக்கிவிட்டுக் கதவைத் தள்ளினாள். மெல்லிய நூல் அறுபடுவதுபோல் ஏதோ அறுந்தது. உள்ளே வந்து கதவைத் திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் வாசலோடு நின்றவர்களும் நேராக அடுப்படிக்குப் போனவர்களும் பார்க்காத இடம், கதவின் உள்பக்கம். அவர் கிளம்பிப் போனதும் கொடி கீழ்ச்சந்து வழியாக நுழைந்து, பலகையில் ஏறி, தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தது. தாழ்ப்பாள் இல்லை. திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு பச்சைச் சுருள் தன் நுனியை விட்டிருந்தது. ஒரே ஒரு சுருள் மட்டும் கதவிலிருந்து நிலைக்குத் தாவி, அங்கே இருந்த குழியைப் பிடித்திருந்தது. அதுதான் அறுந்தது. அது வீட்டுக்குள் வர முயலவில்லை, தாழ்ப்பாளாக முயன்றுகொண்டிருந்தது.

“ஏட்டி, தாழ்ப்பாள் எங்க?”

“எடுத்துட்டாருக்கா.”

“யாரு? எப்ப?”

“ஷெரின் வயித்துல இருக்கும்போது. ஒருநாள் பயந்துபோய்ப் பூட்டிக்கிட்டேன். என் வீட்டுக் கதவு எனக்குத் திறக்காம இருக்கக் கூடாதுன்னு, கழட்டிக் கடல்ல போட்டுட்டார்.”

பிறகு அவள் கேட்காமலே கையைத் தூக்கி, காதுக்குப் பின்னால் இருந்த முடியை ஒதுக்கிக் காட்டினேன். அக்கா அந்தத் தழும்பை விரலால் தொட்டாள். கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். கத்தரிக்காய்கள் உருண்டு ஓடின, ஷெரின் துரத்திப் பிடித்தாள்.

“உனக்குப் போயி இத்தனை நாளா கத்தரிக்காய் கொண்டுவந்தேனே, பாவி” என்றாள், தன்னைத்தான். பிறகு “பிள்ளையத் தூக்கு” என்றாள்.

கோயில் முன்னால் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் ரொமால்டு நாற்காலியில், மற்ற ஆண்கள் மணலில். பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தால் பின்னால் நின்று கேட்பார்கள். நாங்கள் போனபோது கிளமெண்ட் நின்று பேசிக்கொண்டிருந்தார். என் கால் வழக்கம்போல் சுவரைத் தேடியது. கோயில் மைதானத்தில் சுவர் இல்லை. அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

“யார் வீட்ல அடுப்பெரியல, எரியுதுன்னு ஊருக்குக் காட்டிக்குடுக்க ஒரு செடியா? நாளைக்கு நம்ம பொம்பளப்பிள்ளைய எவன் கட்டுவான்?” என்றார் கிளமெண்ட். நிறைய தலைகள் ஆடின. டீக்கடைச் சிரிப்புக்கு ஆளானவர்களின் தலைகள்தான் அதிகம் ஆடின.

“நியாயந்தான்” என்றார் தலைவர். “நாளைக் காலையில பூசை முடிஞ்சதும் வேரோட எடுத்துருவோம். கூடத்துக்குப் பின்னால வாலிபால் கோர்ட் போடலாம்.”

உபதேசியார் எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை; ஜெபம் சொல்லி ஆரம்பித்துவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறவர். “முதல்ல என் வீட்டுக்குத்தான் வந்துச்சு” என்றார். “நான் சாப்பிட்டேன். என் மனைவி சாப்பிட்டா. வெக்கமா இருந்துச்சு, ருசியாவும் இருந்துச்சு. வேர்ல கை வைக்கணும்னா என்னை மிதிச்சிட்டுப் போய் வைங்க.”

“நீரு உக்காரும் ஓய்” என்றான் ஒருவன். அவர் உட்காரவில்லை.

கொரற்றி அக்கா கூட்டத்தின் நடுவே நடந்து போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. “கிளமெண்டு, கமிட்டியில ஒரே ஒரு கேள்வி கேக்கேன். உன் வீட்டுக் கதவுல தாழ்ப்பாள் எங்கல?”

ஆண்கள் சிலர் சிரிக்க வாயெடுத்தார்கள். பின்னால் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒரு தாழ்ப்பாள் எதற்கு இருக்கும், எதற்கு இல்லாமல் போகும் என்பது அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொருத்தியும் மனசுக்குள் தன் வீட்டுக்குப் போய்த் தன் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது அவர்கள் முகத்தில் தெரிந்தது. கிளமெண்ட் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். அக்காவின் தோளுக்கு மேல் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார். அந்தப் பார்வையை நான் நேற்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன். கம்பெனியிலேயே படுத்துவிட்டார் போலிருக்கிறது, இன்றைக்கு முழுக்க வீட்டுக்கு வரவில்லை.

இன்று காலை பூசை முடிந்து ஆண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். வந்து நின்றார்கள். தோட்டத்தில் வேர் இருந்தது. அங்கிருந்து கிளம்பிய கொடி எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. ராத்திரி முழுக்கப் பெண்கள் செய்த வேலை அது. கொடி எந்த வீட்டுக்கும் தானாகப் போகட்டும் என்று விடாமல், கணுவுக்குக் கணு கையால் தூக்கி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தோளில் போட்டு, கிளையெல்லாம் பிரித்து, ஒரு வாசல் விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். கொடியும் அவர்கள் இழுத்த இழுப்புக்கு நீண்டு கொடுத்தது. பசித்த வீடு, பசிக்காத வீடு, மச்சு கட்டிய வீடு, பூட்டிக் கிடக்கிற வீடு, டீக்கடை. எது எதற்காக வந்த கொடி என்று இனி யாரும் சொல்ல முடியாது. மறுபடியும் திரும்பிப் பார்க்காமல் வைத்துவிட்டு வருகிற முறைக்கே நாங்கள் வந்துவிட்டோம், இந்தத் தடவை வெட்டவெளிச்சத்தில்.

“எங்க, வெட்டுங்க பாப்போம்” என்றாள் இசக்கியம்மாள், கையைக் கட்டிக்கொண்டு. “முதல் வெட்டு யார் வீட்டு வாசல்ல?”

தலைவர் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். அவர் வாசலில் கொடி தோரணம் மாதிரி நிலைக்கு மேல் வரை ஏறியிருந்தது.

“இதை யார்ட்டி இங்க இழுத்து விட்டது?”

“நான்தான்” என்றாள் அவர் மனைவி படியிலிருந்து, ஒரு பிஞ்சைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே. “மத்தியானம் சுரைக்காய்க் கூட்டு. வேணும்னா வாங்க, வேண்டாம்னா வாலிபால் ஆடுங்க.”

மண்வெட்டிகள் கொஞ்ச நேரம் தோளில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போயின.

சாயங்காலம் இசக்கியம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். முந்தானையில் ஏதோ கனமாக முடிந்திருந்தாள். அவிழ்த்தால் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். உடைத்துப் போட்ட பழைய விசைப்படகின் கேபின் கதவில் இருந்தது, உப்புக்காற்றில் பச்சை பிடித்து, புளி போட்டுத் தேய்த்ததில் தங்கம்போல் ஆகியிருந்தது. “புயல்லயே திறக்காத சாமான் இது” என்றாள். கொரற்றி அக்கா திருப்புளியோடு வந்தாள். கதவில் அதை வைத்துப் பிடித்தபோது, ஓட்டைகளில் நுனி விட்டிருந்த சுருள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, திருகாணிகளுக்கு இடம் விட்டு, பலகையின் ஓரமாக ஒதுங்கிக்கொண்டன. இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள். “நல்ல பிள்ளை” என்றாள் இசக்கியம்மாள், சுருளைப் பார்த்து.

“போட்டுப் பாரு, பெனி.”

நான் தாழ்ப்பாளிடம் கையைக் கொண்டுபோனேன். பித்தளை குளிர்ந்திருந்தது. தள்ள முடியவில்லை. துரு இல்லை, இறுக்கம் இல்லை, விரலால் தட்டினாலே ஓடுகிற தாழ்ப்பாள். என் கையில்தான் அவர் குரல் இருந்தது.

“நீங்களே போட்டுட்டுப் போங்கக்கா.”

“கூறுகெட்டவளே, உள்ள போடுற தாழ்ப்பாள வெளிய போறவ எப்பிடிப் போடுவா?” கொரற்றி அக்கா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “மாட்டுறதுதான் எங்களால ஆகும். கொடியாலயும் அம்புட்டுத்தான் ஆச்சு. நாங்க இன்னிக்கு யாரும் தூங்கப் போறதில்ல. கதவத் திறந்துபோட்டு உக்காந்திருப்போம். நீ உன் கதவப் பாத்துக்கோ.”

போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் கை நடுங்காது என்று எனக்கு ஒரு பழக்கம். பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதி எழுதி வந்தது. ஷெரின் ஒரு சுரைப் பிஞ்சைப் பொம்மைபோல் துணியில் சுற்றி அணைத்துக்கொண்டு தூங்குகிறாள். ஜன்னல் வழியே பார்த்தால் தெரு முழுவதும் வெள்ளைப் பூ. ஒவ்வொரு வாசலிலும் பூவுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தி வெற்றிலை போடுகிறாள், ஒருத்தி வலை பின்னுகிறாள், உபதேசியார் வீட்டில் இருவரும் ஜெபமாலை சொல்லுகிறார்கள், இன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகவே. கதவு சாத்தியிருக்கிறது. தாழ்ப்பாள் இன்னும் திறந்துதான் இருக்கிறது. எழுந்து எழுந்து போய் அதன் முன்னால் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. உப்பளத்து வளைவில் அது இருமிக்கொண்டு திரும்புகிற சத்தம் எந்தத் தூக்கத்திலும் எனக்குத் தெரியும். குழாயடிக்கு வந்துவிட்டது. கொடி குறுக்கே கிடக்கிறது, இறங்கித் தூக்கித்தான் தாண்ட வேண்டும். தாண்டியாயிற்று. ஈரச் சேலை மறுபடி இழுபடுகிறது, வெளியில் கதவோடு ஒட்டி, மேலே ஏறுகிறது. பேனாவைக் கீழே வைக்கிறேன்.

போட்டுவிட்டேன். சத்தமே இல்லாமல் ஓடியது. கடைசியில் குழிக்குள் விழும்போது மட்டும் ‘டொக்’ என்றது. அவன் வெளியில் நின்று தட்டுகிறான், என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், தெருவெல்லாம் நாற்காலி நகர்கிற சத்தமும் பெண்கள் எழுந்து வருகிற சத்தமும் கேட்கிறது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. நான்தான் போட்டேன்.